நஷ்டத்தில் ஒரு ராஜா

மாடிப்படி மாடிக்குப் போவதற்காகக் கட்டப்படுவது என்று வரைபடம் போடுகிறவர்கள் நம்புகிறார்கள். குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு உண்மை தெரியும். எங்கள் வீட்டில் முதல் படி, உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொள்ள. இரண்டாம் படியில், மடித்த துணிகள் யாராவது மாடிக்குப் போகமாட்டார்களா என்று நாள்கணக்கில் காத்துக் கிடக்கும். மூன்றாவது படி கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி ஆகியவற்றுக்கு. நாலாவது, போனில் ரொம்ப நேரம் பேசுகிறவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஐந்திலிருந்துதான் ஏறுவதற்கு. படிக்கு அடியில் உள்ள முக்கோண இருட்டில் இன்வெர்ட்டர், காலி சிலிண்டர், கொலுப் பலகைகள், பெடல் இல்லாத சைக்கிள் எல்லாம் இருக்கின்றன. இவற்றுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்பது வீட்டைக் கட்டிய என் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

வீடு திருச்சி உறையூரில், 1974-இல் கட்டியது. சிமெண்டில் சிவப்பு ஆக்சைடு கலந்து தேய்த்த படிகள், ஓரத்தில் கறுப்புப் பட்டை, வைரக்கட்டம் போட்ட இரும்புக் கிராதி, அதன் தலையில் மரக் கைப்பிடி. "பர்மா தேக்கு" என்று அந்தக் கைப்பிடியைத் தட்டிக் காட்டாமல் அப்பா எந்த விருந்தாளியையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. ஐம்பது வருஷத்தில் படிகளின் நடுப்பகுதி சிவப்பு ரோஸாகிவிட்டது. விளிம்புகள் அங்கங்கே பல் போய்விட்டன. கைப்பிடியோ, ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு கோட்டிங் எனாமல் வாங்கி, பிடிக்கும் பருமனைத் தாண்டிக் கட்டிக்கொள்ளும் பருமனுக்கு வந்திருந்தது.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக் கிருகப்பிரவேசத்துக்குப் போனதில்தான் எனக்குப் புத்தி வந்தது. அந்த வீட்டில் படிகள் சுவரிலிருந்து பலகை பலகையாக நீட்டிக்கொண்டு நின்றன. அடியில் தாங்க ஒன்றுமில்லை. பக்கத்தில் கண்ணாடி, அது கண்ணாடி என்று தெரிவதற்காக அதில் ஒட்டிய ஒரு மாவிலை ஸ்டிக்கர். நான் மெய்ம்மறந்து நின்றேன். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "படி கட்டி முடிச்சப்புறம் சொல்லி அனுப்புங்க, வர்றேன்" என்று கீழேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடன் மனுவோடு வருகிற கட்டட வரைபடங்களை ஒரு சர்வீஸ் முழுக்கப் பார்த்திருக்கிறேன். ஆகவே கட்டடக்கலை எனக்குப் புதிதல்ல என்பது என் கருத்து. வரைபடத்தில் கையெழுத்துப் போடும் மூலை எது என்பதைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை என்பது என் மனைவியின் கருத்து. ஒரு குடும்பத்தில் இரண்டு கருத்துக்கும் இடம் உண்டு. படியை மாற்றப்போகிறேன் என்ற செய்தி வெளியான மறுநாள் மாமனார் வந்ததும் மூன்றாவதற்கும் இடம் பிடிக்கவேண்டி வந்தது.

மாமனார் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஸ்டீல் டேப் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை. கல்யாண மண்டபத்தில் தூணுக்கும் தூணுக்கும் உள்ள தூரத்தை அளந்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். அவர் தரைக்கும் மாடித் தரைக்கும் டேப்பை நீட்டினார். 126 அங்குலம். ஏற்றங்களை எண்ணினார். 18. ஒவ்வொன்றின் உயரம் 7 அங்குலம். மிதிக்கும் அகலம் 10. "மாப்பிள்ளை, 18-ஐ 7-ஆல பெருக்குங்க" என்றார். பெருக்கினேன். 126. அவர் முகத்தில் ஒரு பரவசம் வந்தது. என் கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

"எங்கயும் ஒரு நூல் பிசகல. இதைக் கட்டின கொத்தனார் யாரு?"

அந்தக் கொத்தனாருக்குக் கையெழுத்துப் போடவே வராது என்று அம்மா சொன்னாள். அவருக்கு 17-ஆம் நூற்றாண்டில் பாரீஸில் இருந்த பிரான்சுவா ப்ளோந்தெலைத் தெரிந்திருக்க நியாயமில்லை. அரச கட்டடக்கலைக் கழகத்தில் பாடம் சொன்ன ப்ளோந்தெல், படிக்கு ஒரு கணக்கு வைத்தார். சமதரையில் மனிதன் வைக்கும் எட்டு 24 அங்குலம். காலை ஓர் அங்குலம் மேலே தூக்கினால் முன்னே போவதில் இரண்டு அங்குலம் குறையும். ஆகவே உயரத்தை இரட்டித்து அகலத்தைக் கூட்டினால் 24 வரவேண்டும். எங்கள் படியில் ஏழும் ஏழும் பதினாலு, அதோடு பத்து. சரியாக 24. ப்ளோந்தெல் சொன்னது பிரெஞ்சு அங்குலம். அது நம் அங்குலத்தைவிடச் சற்று நீளம். அந்தக் கணக்கில் பார்த்தால் பிரெஞ்சுக்காரரின் எட்டு உறையூர்க்காரரின் எட்டைவிட ஒன்றரை அங்குலம் கூடுதல். அவர்கள் வேட்டி கட்டவில்லை, அதனால் இருக்கலாம்.

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும், 2016 பதிப்பு, வீட்டுப் படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அகலம் 250-க்குக் குறையக் கூடாது என்கிறது. எங்களுடையது 178, 254. அந்தப் பதிப்பு வருவதற்கு 42 வருஷம் முன்பே அதற்குக் கீழ்ப்படிந்த படி. இப்படிப்பட்ட படியை மாற்றி அமைக்க எண்ணுகிறவனை மாமனார் எந்தக் கண்ணால் பார்த்திருப்பார் என்று நான் எழுதவேண்டியதில்லை.

ஆனால் எனக்கும் ஒரு நியாயம் இருந்தது: முழங்கால். ஏற்றத்தை 6 அங்குலமாகக் குறைத்தால் அம்மாவுக்கு எவ்வளவு சௌகரியம் என்று ஆரம்பித்தேன். (முழங்கால் என்னுடையது. பொதுநலத்துக்கு அம்மாவின் முழங்கால்தான் பொருத்தம்.) மாமனார் பென்சிலை எடுத்தார். 126-இல் ஆறாறாக எடுத்தால் 21 ஏற்றம். ஆறும் ஆறும் பன்னிரண்டு, ஆகவே அகலம் 12 அங்குலம். இப்போது கீழ்ப்பகுதியில் எட்டுப் படி, 80 அங்குலம். இனி பத்துப் படி, 120 அங்குலம். கூடுதலாக 40 அங்குலம் முன்னால் வரும். டேப்பைத் தரையில் இழுத்துக்கொண்டே போனார். 40 அங்குலம் முடிந்த இடத்தில் குத்துவிளக்கு இருந்தது.

"பூஜை ரூமுக்குள்ள போய் அங்கேயிருந்து மாடி ஏறணுமா?" என்றாள் அம்மா. "அதுக்கு உங்கப்பா போன வழியிலேயே நானும் மேலே போயிடறேன்."

மறுவடிவமைப்பு அத்துடன் முடிந்தது. வைரக்கட்டக் கிராதியை எடுத்துவிட்டுக் குழாய் வைக்கலாம் என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடைக்குப் போய்வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்லது 304, மட்டமானது 202, காந்தம் ஒட்டாவிட்டால் நல்லது என்று கேள்விப்பட்டு, ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த திருப்பதி பெருமாள் காந்தத்தைக் கையோடு கொண்டுபோனேன். எந்தக் குழாயிலும் பெருமாள் ஒட்டவில்லை. எல்லாமே உயர்ந்த சரக்கு என்று நான் நிமிர்ந்தபோது, கடைப்பையன், "சார், 202-லயும் ஒட்டாது. நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸைக் கூட்டியிருப்பாங்க, அவ்வளவுதான்" என்று பெருமாளைப் பயபக்தியோடு திருப்பிக் கொடுத்தான். வைரக்கட்டம் நிலைத்தது. என் தங்கை மகன் சின்ன வயசில் தலையை விட்டு மாட்டிக்கொண்ட கட்டம் அதில்தான் இருக்கிறது; அதற்கு ஒரு சரித்திர முக்கியத்துவமும் உண்டு.

ஆக, வடிவம் பழையது, பூச்சு மட்டும் புதுசு என்று முடிவாயிற்று. மேஸ்திரி வந்தார். ஆடி பிறப்பதற்குள் முடித்துக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். எந்த வருஷத்து ஆடி என்று நான் கேட்கவில்லை.

வேலை தொடங்கும் முன் ஸ்ரீரங்கத்திலிருந்து பெரியப்பா வந்தார். வந்தவர் காபியைக்கூட வாங்காமல் படியில் ஏற ஆரம்பித்தார். "லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம்..." கீழே எட்டுப் படி. திரும்புகிற மேடை ஒன்பது. மேலே எட்டு. பதினேழு, லாபம். அங்கே நின்றிருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும். அவர் பதினெட்டாவதாக மாடித் தரையில் கால் வைத்து, அங்கிருந்தே, "நஷ்டம்!" என்று தெருவுக்குக் கேட்கும்படி அறிவித்தார்.

"மாடித் தரையைப் படின்னு யார் சொன்னது? தரை தரைதான். படி பதினேழு" என்றார் மாமனார்.

"காலைத் தூக்கி வெச்சா அது படி."

"அப்ப வாசல் திண்ணையிலிருந்து எண்ணிட்டு வாங்களேன்!"

ஒற்றைப்படை ஆசை நம்மோடு நிற்பதில்லை. 2000 வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியில் விட்ருவியஸ் என்ற கட்டடக்காரர், கோயில் படிகள் ஒற்றைப்படையில் இருக்கட்டும் என்று எழுதிவைத்தார். வலது காலை முதலில் வைத்து ஏறுகிறவர் உச்சியிலும் வலது காலையே வைக்கவேண்டும் என்பது அவர் காரணம். இதை நான் எடுத்துச் சொன்னதும், "பாத்தீங்களா, ரோமாபுரிக்காரனே சொல்லிட்டான்" என்று பெரியப்பா குதித்தார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் உள்ளே வந்தார். அவர் நெல்லூர்ப் பக்கம் உத்தியோகம் பார்த்தவர். அங்கெல்லாம் லாபம் நஷ்டம் கிடையாதாம். இந்திரன், எமன், ராஜா என்று மூன்று மூன்றாக எண்ணுவார்களாம். எண்ணினோம். பதினேழாவது எமன். பதினெட்டாவது ராஜா.

நிலைமையைக் கவனிக்கவேண்டும். மாடித் தரையைச் சேர்க்காவிட்டால் லாபம், ஆனால் எமன். சேர்த்தால் ராஜா, ஆனால் நஷ்டம். எமனோடு லாபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு கட்சி. நஷ்டப்பட்ட ராஜாவுக்கு யார் மரியாதை தருவார்கள் என்று ஒரு கட்சி. ஒரு படியைக் கூட்டிப் பத்தொன்பதாக்கினால் லாபமும் இந்திரனும் ஒருங்கே கிடைக்கும் என்று நான் கண்டுபிடித்துச் சொன்னேன். மாமனார் 126-ஐ 19-ஆல் வகுக்கும்படி சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். நான் இன்னும் வகுத்து முடிக்கவில்லை.

அம்மாதான் தீர்த்துவைத்தாள். "சபரிமலையில பதினெட்டு. சுவாமிமலையில தமிழ் வருஷத்துக்கு ஒண்ணா அறுபது. நஷ்டம்னு அங்கேயிருந்து யாராவது பாதியில இறங்கி வந்தாங்களா? காபி ஆறுது, வாங்க."

மேஸ்திரியின் உள்ளம் கிரானைட்டில் இருந்தது. சிவப்பு ஆக்சைடு என்று நான் சொல்லும்போதெல்லாம் அவர் என்னை இரக்கத்தோடு பார்ப்பார். பழைய படியை உடைக்கவே வேண்டாம், மேலேயே கல்லை ஒட்டிவிடலாம், கல் முக்கால் அங்குலம், அடியில் கலவை முக்கால் அங்குலம், ஒரு வாரத்தில் வீடு ஹோட்டல் ஆகிவிடும் என்றார். மாதிரிக்கு ஒரு கல்லைக் கொண்டுவந்து, மணல் பரப்பி நாலாம் படியில் வைத்தும் காட்டினார்.

படி ஏறுகிறவன் படியைப் பார்ப்பதில்லை. முதல் இரண்டு படியில் கால் உயரத்தை அளந்துகொள்கிறது. மீதியை நம்பிக்கையில் ஏறுகிறது. நியூயார்க்கில், ப்ரூக்ளின் 36-ஆம் தெருச் சுரங்க ரயில் நிலையத்தில் ஒரே ஒரு படி மற்றவற்றைவிடத் துளி உயரமாக இருந்தது. 2012-இல் ஒருவர் கேமராவை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரெல்லாம் வரிசையாக அந்த ஒரு படியில் தடுக்கி விழப் போவதைப் படம் பிடித்து வெளியிட்டார். படம் உலகம் சுற்றியதும் ரயில்வே அந்தப் படியைச் சரிசெய்தது. ஏறிய அத்தனை பேரும் தங்கள் கால்மேல்தான் பழியைப் போட்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு கேமரா தேவைப்படவில்லை. நாலாம் படி எட்டரை அங்குலம், அதற்கடுத்தது ஐந்தரை. முதலில் மனைவி தடுக்கினாள்; கையிலிருந்த பருப்பு டப்பா ப்ளோந்தெல் சொல்லாத கோணங்களிலெல்லாம் போயிற்று. பிறகு மகன். பிறகு, 'கல்லு எப்படி இருக்கு, பாக்கலாம்' என்று வந்த எதிர்வீட்டுக்காரர். கடைசியில் மேஸ்திரியே தடுக்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஒண்ணுல மட்டும் போட்டதால சார். எல்லாத்திலயும் போட்டா சரியாயிடும்" என்றார்.

"சரியாகாது. முதல் படி எட்டரை, கடைசிப் படி ஐந்தரை ஆகும். நடுவுல இருக்கிறது மட்டும் ஏழு" என்றார் மாமனார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "கீழ்த்தரையையும் மாடித்தரையையும் சேர்த்து ஒன்றரை அங்குலம் தூக்கினா சரியாகும். அப்புறம் எல்லாக் கதவையும் அடியில வெட்டணும்." மேஸ்திரியின் கண்ணில் ஒரு பெரிய கான்ட்ராக்ட் மின்னி மறைந்தது. நான் கல்லைத் திருப்பி அனுப்பினேன். மகள் மட்டும், ஏற்ற முகத்திலாவது ஆத்தங்குடிக் கல் ஒட்டலாமே என்று கேட்டுப் பார்த்தாள். நல்ல யோசனைதான். கண்ணாடிமேல் நிறக் கலவையை ஊற்றிக் கவிழ்த்துச் செய்கிற கல், சுடாமலே பளபளக்கும், நடக்க நடக்க மெருகேறும். ஆனால் யாரும் படியின் முகத்தில் நடப்பதில்லை. அதுவும் போயிற்று.

இனி கைப்பிடி. எனாமலைச் சுரண்டுவதற்கு உப்புத்தாளோடு கிளம்பிய என்னைத் தடுத்தவன் என்னுள் இருக்கும் வாசகன். வீட்டு பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை ஈரமில்லாமல் தேய்த்துத் தூசி கிளப்புவது நுரையீரலுக்கு ஈயம் பூசுகிற வேலை. ஆகவே பெயிண்ட் ரிமூவரைத் தடவி, ஊறவைத்து, தகட்டால் வழிக்க வேண்டும். நான் முகமூடியும், மகன் நீச்சலுக்குப் போடும் கண்ணாடியும், அம்மாவின் பழைய குளிர்காலக் குல்லாவும் அணிந்து படியில் உட்கார்ந்திருந்தபோது கூரியர் பையன் வந்தான். பார்சலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். கையெழுத்து வாங்கவில்லை.

மேலே சாக்லேட் பிரவுன். அதற்கடியில் தங்கை கல்யாணத்துக்குப் பூசிய இலைப்பச்சை. அதற்கடியில் ஒரு நீலம். முனிசிபாலிட்டி அடிபம்புக்கு அடிக்கிற அதே நீலம். அது எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று கேட்டதற்கு அம்மா பேச்சை மாற்றினாள். எல்லாம் போய் மரம் தெரிந்ததும் ஆசாரியை வரவழைத்தோம். அவர் ஓர் ஓரத்தில் இழைப்புளியை ஓடவிட்டு, சுருளை மோந்து பார்த்து, ஈரத்துணியால் துடைத்தார். துணியில் மஞ்சள் கறை.

"தேக்கு இல்லீங்க. வேங்கை."

ஐம்பது வருஷ பர்மா தேக்கு அந்த ஒரு வார்த்தையில் நாடு திரும்பிவிட்டது. அம்மா கொஞ்ச நேரம் கைப்பிடியையே பார்த்தாள். "உங்கப்பா ஆயுசுல ஒரே ஒரு பொய்தான் சொன்னார்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள். "அது வேற."

வேங்கை என்று கேட்டதும் மாமனார் பேப்பரைக் கீழே வைத்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு. வேங்கை மரக் குவளையில் ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பது சர்க்கரைக்காரர்கள் நெடுநாளாகச் செய்துவருவது. குவளை விற்கிற விலையும் அவருக்குத் தெரியும். ஆசாரி இழைக்க இழைக்க, மருமகன் வீட்டுப் படியில் ஓசியில் கொட்டுகிற சுருளை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு, பெயிண்ட் படாத அடிப்பக்கத்துச் சுருளாகப் பொறுக்க ஆரம்பித்தார். மறுநாள் காலை சொம்பில் தண்ணீர் தேன் நிறத்தில் இருந்தது. மாமியார் அதைத் தோட்டத்தில் கொட்டிவிட்டு, "கைப்பிடியைக் கரைச்சுக் குடிச்சு எந்த டாக்டர் குணப்படுத்தினான்?" என்று கேட்டார். அந்த இடத்திலிருந்த செம்பருத்தி நன்றாகவே இருக்கிறது. அதற்குச் சர்க்கரை இருந்ததா என்பது பரிசோதிக்கப்படவில்லை.

பாலிஷ் விஷயத்தில் எனக்கும் ஆசாரிக்கும் கொள்கை வேறுபாடு. அவர் பி.யு. பாலிஷ் கட்சி: டப்பாவில் வரும், ஹார்டனர் கலக்கவேண்டும், தண்ணீர் பட்டாலும் சூடு பட்டாலும் அசையாது. நான் அரக்குக் கட்சி. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை மெல்லிய துணியில் பொட்டணம் கட்டி, வட்டம் வட்டமாகத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுகிற பிரெஞ்சு பாலிஷ். புரசு, இலந்தை மரக் கிளைகளில் சின்னஞ்சிறு பூச்சிகள் சுரந்து வைப்பது அரக்கு. அதை ஆராய்வதற்கென்றே ராஞ்சியில் 1924-லேயே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். நம் தாத்தாக்கள் கேட்ட 78 சுழற்சிக் கிராமபோன் தட்டெல்லாம் இந்த அரக்கைக் கலந்து அழுத்தியதுதான். ஆக, கைப்பிடிக்கு அரக்கு பூசுவது கிட்டத்தட்ட சங்கீத சேவை என்று ஆசாரிக்கு எடுத்துரைத்தேன். அவர் மரியாதையாக முழுவதும் கேட்டார்.

"சார் சொல்றதெல்லாம் சரிதான். ஆனா மழை வரும்."

வந்தது. அன்று ராத்திரியே வந்தது. ஈரக்காற்றில் ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, அரக்கு ஈரத்தை இழுத்துப் பால் படர்ந்து வெளுக்கும். 'பூத்துடுச்சு' என்பார்கள் ஆசாரிகள். காலையில் கைப்பிடி முழுக்கப் பூத்திருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தோம், திரும்பத் தேய்த்தோம், திரும்பப் பூத்தது. நடுவில் யாரோ சூடான காபி டம்ளரை அதன்மேல் வைத்துவிட்டுப் போனதில் ஒரு வெள்ளை வட்டமும் விழுந்தது. அந்த டம்ளர் என்னுடையது என்று மகள் சொல்வதற்கு ஆதாரமில்லை. இப்போது கைப்பிடிமேல் இருப்பது பி.யு. அதன் வரலாறு எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

படிகளுக்கு வருவோம். சிவப்பு ஆக்சைடு தரையை ஒட்டுப்போட முடியாது. பழைய சிவப்புக்குப் பக்கத்தில் புதுச் சிவப்பு எத்தனை விகிதம் மாற்றிக் கலந்தாலும் சேராது. புதிதாகப் போடுவதென்றால், கலவையைப் பரப்பி, இறுகுவதற்குள் கரண்டியால் மணிக்கணக்கில் கை எடுக்காமல் தேய்க்கிற கொத்தனார் வேண்டும். அந்தக் கைகள் ஊரில் அருகிவிட்டன. மேஸ்திரி எங்கேயோ தேடி ஒரு வயசான கொத்தனாரைக் கூட்டிவந்தார். அவர் படியைத் தடவிப் பார்த்து, "இதுமேல எதுவும் போடாதீங்க. தேய்ச்சா போதும்" என்றார். மேஸ்திரிக்கு இப்படி ஓர் ஆளைக் கூட்டிவந்ததற்காகத் தம்மேலேயே கோபம். மெஷின் படியில் ஏறாது, கையால்தான். காரபோரண்டம் கல், தண்ணீர், முதலில் சொரசொரப்பு, பிறகு நடுத்தரம், பிறகு மென்மை. பெரியவர் ஒரு படிக்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் வீட்டையே இடித்துக் கட்டியிருக்கலாம். ஆனால் அந்தச் சேற்றுத் தண்ணீரைத் துடைத்ததும், கீழேயிருந்து ஒரு சிவப்பு எழுந்து வந்தது. நான் பள்ளிக்கூடப் பையோடு வழுக்கி விழுந்த சிவப்பு அது. மேஸ்திரிகூட வாயை மூடிக்கொண்டார்.

கடைசியாக ஒரு சீலர். பூசினால் ஒரு ராத்திரி மிதிக்கக் கூடாது. படுக்கையறைகள் மாடியில், சமையலறை கீழே. நான்தான் வழி சொன்னேன்: ஒன்று விட்டு ஒன்று பூசுவது. இன்றைக்கு ஒற்றைப்படைப் படிகள், நாளைக்கு இரட்டைப்படை. பூசாத படியில் கால் வைத்துப் போய்க்கொள்ளலாம். "ஒற்றைப்படைப் படியை மிதிக்காதீர்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதி மாடியிலும் கீழேயும் ஒட்டினேன். வங்கியில் சுற்றறிக்கை தயாரித்த கை. ஒரு பிழை இருக்காது. அம்மாவைக் கீழே பெஞ்சில் படுக்கவைத்தோம். மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு 14 அங்குலம் 14 அங்குலமாக ஏறினாள். ஏறும்போது என்னைப் பற்றிச் சொன்னதை ப்ளோந்தெல் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு பகுதிக்கு, மேடை நீங்கலாக, எட்டுப் படி என்று முன்பே சொன்னேன். எட்டு இரட்டைப்படை எண். கீழேயிருந்து எண்ணினால் ஒற்றைப்படையாக இருக்கிற படி, மேலேயிருந்து எண்ணினால் இரட்டைப்படை. என் அறிவிப்பு கீழே இருப்பவர்களுக்கு ஒரு பொருளும் மாடியில் தூங்குகிறவர்களுக்கு நேர்மாறான பொருளும் தந்தது. ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்த மகன், சுவரில் ஒட்டியிருந்ததை மொபைல் வெளிச்சத்தில் படித்து, மேலேயிருந்து ஒழுங்காக எண்ணி, எனக்குப் பிள்ளையாகப் பிறந்த குற்றத்துக்குச் சுற்றறிக்கைப்படியே நடந்து, பூசிய படிகளில் மட்டும் கால் வைத்து இறங்கினான்.

காலையில் பார்த்தால் வலது கால், இடது கால், வலது கால் என்று, விரல் ஐந்தும் துல்லியமாகப் பதிந்து, சீலர் இறுகிப் பளபளத்துக்கொண்டிருந்தது. சுரண்டினால் சிவப்பும் போய்விடும் என்று பெரியவர் கையை விரித்தார். மாமனார் டேப்பை எடுத்துப் பாதத்தை அளந்தார். மனைவி என்னைப் பார்த்தாள். எட்டு என்பது இரட்டைப்படை எண்ணாக இருப்பதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அம்மா மட்டும் உள்ளே போய் அரிசி மாவுக் கிண்ணத்தோடு வந்தாள். அடுத்த வாரம் கோகுலாஷ்டமி. கடைசிப் படியிலிருந்து பூஜை அறை வரை எத்தனை பாதம் போட்டால் சரியாக வரும் என்று குனிந்து பார்த்தாள். "மாடியிலிருந்து இறங்கி நேரா உள்ளே வர்றான். இந்த வருஷம் பாதி வேலை மிச்சம்" என்றாள்.

"அம்மா, அது ஒன்பதாம் நம்பர் கால்."

"இருக்கட்டுமேடா. கீதை சொன்னப்போ அவன் என்ன குழந்தையாவா இருந்தான்?"